இருதயசெல்வி நீக்கிய காணொளி

திண்டிவனத்தில் நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சோடாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. "செல்வி கடை" என்றால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

முழுப்பெயர் இருதயசெல்வி. ஒலக்கூர்ப் பக்கம் சூசைக்குப்பம் என்ற சின்னக் கத்தோலிக்க ஊரில் பிறந்தவள். 1993-ல் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, விழுப்புரத்தில் ஓர் அச்சகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஸ்டீபன்ராஜ், அவள் ஓடி வருவது தெரிந்தால் விசில் ஊத மாட்டார். ஒரு வருஷம் இப்படி ஊதாமலே இருந்து பார்த்துவிட்டுப் பெண் கேட்டு வந்தார். கல்யாணம் ஆனது.

செல்வி யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவாள். வம்பெல்லாம் அங்கேதான். அச்சகத்தில் இருந்தபோது ஒரு பெரிய மனிதர் மகள் கல்யாணத்துக்கு பேனர் அடிக்க வந்தார். "என் போட்டோ பெருசா இருக்கணும். பொண்ணு மாப்ள சின்னதா எங்கியாச்சும் இருந்தா போதும்" என்றார். செல்வி அவர் படத்தைப் பனைமர உயரத்துக்குப் பெரிதாக்கி, மணமக்களை அவர் சட்டைப்பை அளவுக்குச் சின்னதாக்கி, அந்தச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டாள். மண்டப வாசலில் பேனரைப் பார்த்து நின்ற கூட்டம் தாலி கட்டுவதைப் பார்க்க உள்ளே வரவில்லை. சண்டைக்கு வந்தவரிடம், "நீங்க சொன்னதுதாங்களே" என்றாள் பணிவாக.

பிறகு கணினிகளை வைத்துச் சொந்தக் கடை போட்டாள். பிள்ளைகள் தேர்வு முடிவு பார்க்க வருவார்கள், பெரியவர்கள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வருவார்கள். கடை நன்றாகவே ஓடியது.

2009-ல் சூசைக்குப்பத்துக்கு ஓர் இணையதளம் வந்தது. ஷார்ஜாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஆஸ்வின் என்கிற ஊர்ப் பையன், விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அதை உருவாக்கினான். கோயில் கட்டிய வரலாறு, பூசை நேரம், இதுவரை இருந்த பங்குச் சாமியார்களின் பெயர்கள். அவ்வளவுதான். எல்லாம் எழுத்து. பார்த்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்வினே.

அவன் செல்விக்கு போன் செய்தான்.

"அக்கா, படம் இல்லாம ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்றாங்க. நீங்க ஞாயித்துக்கெழம பூசைக்கு ஊருக்குப் போறீங்கல்ல? போட்டோ எடுங்க, வீடியோ எடுங்க, நீங்களே ஏத்திடுங்க. எப்படின்னு நான் சொல்லித் தர்றேன்."

"இன்னா எடுக்கணும்னு யாரு சொல்லுவாங்க?"

"சவரிநாதன் வாத்தியார்கிட்ட கேட்டுக்குங்க. அவர கேக்காம ஊர்ல இன்னா நடக்குது?"

அது உண்மைதான். சவரிநாதன் ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார், கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். முப்பது வருஷம் விசில் ஊதிப் பழகிய மனிதர், ஓய்வுபெற்றதும் விசிலை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டார். செல்விக்கு அவர் பெரியப்பா முறை.

அவர் சொன்னார்: "ஊர் மானம் ஒலகம் பூரா போவப் போவுது. கண்டதும் போடக் கூடாது. கவுரவமா இருக்கணும். பொன்னாட போத்தற படம் மட்டும் போடு."

செல்வி சொன்னபடியே செய்தாள். மூன்று மாதம் அந்தத் தளத்தில் பொன்னாடையைத் தவிர வேறொன்றும் இல்லை. சாமியாருக்குப் பொன்னாடை, சாமியாருக்குப் புது வண்டிச் சாவி கொடுக்கும்போது பொன்னாடை, பொன்னாடை வாங்கி வந்தவருக்குப் பொன்னாடை. குவைத்திலிருந்து ஒருவர் கீழே கருத்து எழுதினார்: "இது ஊர் வெப்சைட்டா, ஜவுளிக் கடையா?"

செல்வி அந்தக் கருத்தை நீக்கவில்லை. நீக்கும்படி யாரும் சொல்லவில்லையே.

2010 மே மாதம் சூசையப்பர் திருவிழா. காலைப் பூசை முடிந்ததும் பகல் தேர் புறப்பட்டது. சவரிநாதன் மைக்கில் எச்சரித்தார்: "இது செபப் பவனி. தேருக்கு முன்னாடி யாரும் ஆடக் கூடாது. மீறி ஆடறவங்க பேர மைக்ல படிப்பேன்."

பேண்டு செட்டுக்காரர்கள் மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு அடித்துப் பழகியவர்கள். முதல் தெருவில் மாதா பாட்டு வாசித்தார்கள். இரண்டாம் தெரு திரும்பியதும் கை தன் பழைய வழிக்குப் போய்விட்டது. இளவட்டங்கள் கால்களைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

செல்வி வீடியோ எடுத்துக்கொண்டே வந்தவள், வெயில் தாங்காமல் கேமராவைத் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் வைத்துவிட்டு நீர்மோர் குடிக்கப் போனாள். நிறுத்த மறந்துவிட்டாள். கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடையில் அதைப் போட்டுப் பார்த்தாள். தூரத்தில் தேர், பொம்மை மாதிரி நகர்கிறது. கிட்டத்தில் தொட்டியின் பின்பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். மைக் வயர் அதற்கு மேல் எட்டாமல் போனதால் பவனியிலிருந்து பிரிந்து சவரிநாதன் அங்கே வருகிறார். மைக்கைத் தரையில் வைக்கிறார். இடப்பக்கம் பார்க்கிறார். வலப்பக்கம் பார்க்கிறார். வேட்டியை மடித்துக் கட்டுகிறார். பிறகு ஆடுகிறார்.

சும்மா அசைந்தார் என்று சொல்ல முடியாது. ஆட்டம் என்றால் ஆட்டம். துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்க, தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போக, கண்ணை மூடிக்கொண்டு, பேண்டு சத்தம் தேய்ந்து மறையும் வரை ஆடினார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டு, மைக்கை எடுத்து, "தேருக்குப் பின்னால வர்ற தாய்மார்கள் வரிசையா வரவும்" என்றார்.

செல்வி சிரித்த சிரிப்பில், பக்கத்தில் தேர்வு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்த பெண் பயந்து எழுந்துவிட்டாள்.

"பகல் தேர்பவனி, பகுதி இரண்டு" என்று தலைப்பு வைத்து ஏற்றத் தொடங்கினாள். முக்கால்வாசி ஏறும்போது கரெண்ட் போனது. வந்ததும் மறுபடி ஏற்றினாள், மறுபடி போனது. அன்றைக்கு மின்சாரம் பலமுறை தடுத்தும் செல்வி கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட்டாள். படத்தின் கீழே, "இறைமக்கள் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர்" என்று எழுதினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, கடை திறக்கும் முன்பே சவரிநாதன் குடையோடு வாசலில் நின்றார். பஹ்ரைனில் இருந்த மகன் அவருக்கு போன் செய்து, "அப்பா, சூப்பரு!" என்று மட்டும் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான்.

"இன்னா பெரிப்பா, காலையிலியே?"

"நான் ஆடற மாதிரி எதுவோ போட்டுகீறியாமே."

"மாதிரி இல்ல பெரிப்பா. பாக்கறீங்களா?"

"நான் பாக்க மாட்டேன். அத்த ஜல்தியா எடு."

செல்வி உட்கார்ந்து எடுத்தாள். அவர் பின்னால் நின்றுகொண்டு, திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"எடுத்தாச்சு பெரிப்பா."

"கம்ப்யூட்டர்ல குப்பத்தொட்டின்னு ஒண்ணு கீதாமே. அதுல கெடக்குமாமே."

"கெடக்கும்."

"அதையும் கொட்டு."

கொட்டினாள்.

"கேமராவுல?"

"அதுல நேத்து புள்ளைங்க புதுநன்ம வாங்கின படம் எடுத்துட்டேன். பழசு எல்லாம் அழிஞ்சிச்சி."

சவரிநாதனுக்கு நிம்மதி வந்தது. ஆனாலும் முப்பது வருஷ வாத்தியார் அல்லவா, அதோடு விடவில்லை. "சும்மா எடுத்துட்டா, பயந்துகினு எடுத்துட்டான்னு பேசுவானுங்க. நான் சொல்லித்தான் எடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியணும். எழுதிப் போடு."

"கண்டிப்பா எழுதணுமா பெரிப்பா?"

"எழுதுன்னா எழுதும்மா."

காணொளி இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. அதன் நடுவில் செல்வி வெள்ளை எழுத்தில் எழுதினாள்: "பங்குப் பேரவைத் துணைத் தலைவர் திரு. சவரிநாதன் அவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அவர் இடம்பெற்ற இந்தக் காணொளி நீக்கப்பட்டது."

அந்த வாரம்தான் சூசைக்குப்பம் இணையதளத்துக்கு உயிர் வந்தது.

காணொளி இருந்த நாட்களில் அதைப் பார்த்தவர்கள் சொற்பம். இல்லாத காணொளியைப் பார்க்கக் குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கறுப்புக் கட்டத்தின் கீழே கருத்துகள் நீண்டன. "வாத்தியார் அப்படி என்ன செய்தார்?" "எங்க மாமா கிட்ட கேட்டேன், போனில் சொல்ல முடியாதுன்னு சொல்றார்." அந்த மாமாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் நிஜம்.

ஸ்டீபன்ராஜ் தினமும் ஊர்ச் செய்தியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து இறக்குவார்.

"செல்வி, ஒலக்கூர்ல ஏறினவங்க இன்னா சொல்றாங்க தெரியுமா? உங்க பெரிப்பா சாமியார கைநீட்டி அடிச்சிட்டாராம்."

மறுநாள்: "அடிக்கலியாம். தேர் சக்கரத்துக்கு வெச்ச கட்டைய எடுத்துட்டு ஓடிட்டாராம்."

அதற்கும் மறுநாள் அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "விழுப்புரம் வண்டியில பேசிக்கினாங்க. பொம்பள விஷயமாம்."

செல்விக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. "அய்யய்யோ, பெரிம்மா காதுக்குப் போயிருக்குமா?"

போயிருந்தது. அடுத்த நாள் சவரிநாதனின் மனைவி சலேத்தம்மாள் கடைக்கு வந்து, நடுவில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"யாருடி அவ?"

"எவ பெரிம்மா?"

"வீடியோவுல கீற பொம்பள."

"சத்தியமா யாருமில்ல பெரிம்மா. தொட்டிக்குப் பின்னாடி அவரு மட்டும் தனியா ஆடிக்கினு இருந்தாரு. உங்க புள்ள பாத்துச்சே, கேட்டுப் பாருங்க."

"புள்ள அப்பனுக்குப் பரிஞ்சிதான் பேசுவான். அவரு ஆடினாராமா? எங்க கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரியிலருந்து பேண்டு செட்டு வந்துச்சு. எங்க மாமியாரே ஆடினாங்க. இவரு அட்டென்ஷன்ல நின்னுகினு இருந்தாரு. அந்த மனுஷன் ஆடினாருன்னு நீ சொல்ற, நான் நம்பணும்!"

"நெசமா பெரிம்மா."

"நெசம்னா காட்டு."

காட்ட ஒன்றும் இல்லை. சலேத்தம்மாள் எழுந்து போனாள். போனவள் மூன்று நாள் சமைத்தாள், பரிமாறினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பெங்களூரில் இருந்த மகள் அழுதுகொண்டே பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். பங்குச் சாமியார் சவரிநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசுல ஏதாச்சும் இருந்தா பாவசங்கீர்த்தனம் செய்யலாமே வாத்தியார்" என்று மெதுவாகச் சொன்னார்.

சவரிநாதன் மறுபடி கடைக்கு வந்தபோது குடை இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"செல்வி, ஒரே பேஜாரா பூட்ச்சி. அத்த திரும்பப் போட்டுடு."

"எங்கருந்து பெரிப்பா? குப்பத்தொட்டி வரைக்கும் கொட்டச் சொன்னீங்களே."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

"திருப்பி ஆடினா எடுப்பியா?"

செல்விக்கு உள்ளே சிரிப்பு குமிழியிட்டது. முகத்தில் காட்டவில்லை. "எடுப்பேன் பெரிப்பா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏற்பாடு நடந்தது. பேண்டு செட்டை மறுபடி கூப்பிட முடியாது, ஸ்டீபன்ராஜ் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினார். சவரிநாதன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். கேமரா தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் அவர் முதுகெலும்பு நிமிர்ந்துகொண்டது. கை மேலே, கை பக்கவாட்டில், கை கீழே. இடது கால், வலது கால். பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஏழு மணிக்கு நடப்பது அப்படியே நடந்தது. திருவிழா அன்று பேண்டு சத்தத்தில் தானாக வந்த உற்சாகம் இப்போது எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த ஒருவர், "வாத்தியாரே, ஒன் டூ த்ரீ சொல்லலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செல்வி அதை அப்படியே ஏற்றினாள். தலைப்பு: "நீக்கப்பட்டது இதுதான்."

ஒருவரும் நம்பவில்லை. "இதுக்கா நீக்குவாங்க?" என்று சிங்கப்பூரிலிருந்து எழுதினார்கள். "உண்மையான வீடியோவ மறைக்கறதுக்கு டிரில் எடுத்துக் காட்டறாரு" என்று குவைத்திலிருந்து எழுதினார்கள். முன்பு சந்தேகமாக இருந்தது, இப்போது உறுதியாகிவிட்டது. சலேத்தம்மாள் சமைப்பதையும் நிறுத்தினாள்.

அப்போது ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. ஆஸ்வினோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் சுஃப்யான், கோட்டக்குப்பத்துப் பையன். ஆஸ்வின் புது வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுஃப்யான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்திருக்கிறான்.

செல்வியிடம் அவனே பேசினான். "அக்கா, அது ஒரிஜினல் இல்லியே. ஒரிஜினல் என்கிட்ட கீது."

"உன்கிட்டயா? எப்படிப்பா?"

"போட்ட அன்னிக்கே எறக்கி வெச்சிட்டேன்க்கா. வேல முடிச்சு ரூமுக்கு வந்தா சில நாளு மூஞ்சியே செத்துப் பூடும். அன்னிக்கு வாத்தியாரப் போட்டுப் பாப்பேன். எங்க ஷிப்டுல எல்லாருக்கும் அந்த ஸ்டெப்பு அத்துப்படி. ஆஸ்வினுக்கு வேற ஷிப்டு, அவனுக்குத்தான் தெரியாது."

"தம்பி, நீ நல்லா இருப்ப. ஆஸ்வின்கிட்ட குடுத்து உடனே ஏத்தச் சொல்லு."

செல்வி தானே சூசைக்குப்பத்துக்குப் போய், கணவன் மனைவி இருவரையும் கையோடு பஸ்ஸில் அழைத்து வந்தாள். ஸ்டீபன்ராஜின் வண்டிதான். சலேத்தம்மாள் முன்பக்கம் உட்கார்ந்தாள், சவரிநாதன் கடைசி இருக்கையில். கடையில் மற்றக் கணினிகளை அணைத்துவிட்டு, ஒரே திரையின் முன்னால் இருவரையும் உட்கார வைத்தாள்.

திரையின் அடியில் வீடியோ ஓடும் கோடு மெல்ல நகர்ந்தது. தேர் வந்தது. தொட்டி வந்தது. மைக்கோடு அவர் வந்தார்.

சவரிநாதன் அதுவரை அந்தக் காணொளியைப் பார்த்ததே இல்லை. மகன் பார்த்தான், ஷார்ஜா பார்த்தது, அவர் பார்க்கவில்லை. முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பேண்டு சத்தம் எழுந்ததும் நிமிர்ந்தார். திரையில் இருந்த மனிதர் துண்டை விரித்துச் சுழன்றபோது, பெஞ்சில் இருந்த மனிதரின் குதிகால் தரையில் தட்டத் தொடங்கியது.

"நல்லாத்தான் ஆடறான்" என்றார், யாரோ வேற்று ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

சலேத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று செல்விக்குத் தெரியவில்லை. பிறகு கையை எடுத்தாள்.

"பொம்பள யாருமில்ல. சரி. ஆனா ஆள் இல்லாத எடமாப் பாத்து ஆடத் தெரியுது. நாப்பது வருஷமா ஒரே வீட்ல கீறேன், எனக்கு ஒரு நாளு ஆடிக் காட்டினீங்களா?"

சவரிநாதன் செல்வியைப் பார்த்தார். செல்வி சட்டென்று கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"வீட்டுக்கு வா, சொல்றேன்" என்றார் அவர்.

வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அங்கே கேமரா இல்லை. மறுநாள் முதல் அடுப்பு எரிந்தது என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

வதந்தி ஒரு வாரத்தில் அடங்கியது. சுஃப்யான் காப்பாற்றிய வீடியோவை ஊரில் ஒவ்வொருவரும் பலமுறை பார்த்தார்கள். பொன்னாடைப் படங்களைப் பற்றிச் சவரிநாதன் பிறகு பேசவில்லை. "உனக்குத் தோணறத எடும்மா" என்றார். அதையும் செல்வி சொன்னபடியே செய்தாள். கேப்பைக் களத்தில் நடந்த சண்டை, பூசைக்கு நடுவில் பீடத்தில் ஏறிய ஆட்டுக்குட்டி, பாடகர் குழுவில் தப்பாகப் பாடுகிறவர் யார் என்று கண்டுபிடிக்கும் முயற்சி, எல்லாம் தளத்தில் வந்தன.

ஒரு நாள் சலேத்தம்மாள் தானாகக் கேட்டாள். "என்னையும் எடு. நான் ஆட மாட்டேன். சும்மா ஒக்காந்து மல்லாட்ட உரிச்சிகினு இருக்கறேன்." செல்வி கேமராவை எதிரே வைத்தாள். சலேத்தம்மாள் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கூடை நிறைந்தது, பேச்சு நிற்கவில்லை. அதை மூன்று பகுதியாகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. ஷார்ஜா அறையில் அதற்குத்தான் கிராக்கி அதிகம் என்று ஆஸ்வின் சொன்னான். கோட்டக்குப்பத்தில் இருந்த தன் அம்மாவை இதேபோல எடுத்துத் தர முடியுமா என்று சுஃப்யான் கேட்டான். செல்வி ஒரு வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு அங்கே போய், நஃபீசா பீவி மீன் கழுவிக்கொண்டே மகனைத் திட்டுவதை எடுத்து அனுப்பினாள். அவன் அதை யாருக்கும் காட்டவில்லை, தான் மட்டும் பார்த்துக்கொண்டான்.

2014 வாக்கில் எல்லோர் கையிலும் நல்ல போன் வந்துவிட்டது. அவரவர் படத்தை அவரவரே அனுப்பிக்கொண்டார்கள். சூசைக்குப்பம் தளத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆஸ்வினுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் அதைக் கவனிக்க நேரமில்லை. ஒரு நாள் முகவரியைத் தட்டினால் திறக்கவில்லை. செல்வி பெரிதாக வருத்தப்படவில்லை. கடையில் ஆதார் வேலைக்கும் மின் கட்டணத்துக்கும் வரிசை நின்றது, வருத்தப்பட நேரம் ஏது?

சலேத்தம்மாளுக்கும் பஹ்ரைன் மகன் ஒரு போன் வாங்கி அனுப்பினான். ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவான். அவள் போனை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு பேசுவாள். அவனுக்குத் தெரிவதெல்லாம் சுழலும் மின்விசிறிதான். போனை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தரும்படி அவன் செல்வியிடம் கெஞ்சினான்.

"சொல்றேன் தம்பி" என்றாள் செல்வி. எப்போது சொல்லித் தர வேண்டும் என்று அவன் சொல்லவில்லை; சொல்லாததைச் செய்கிறவள் அல்லவே செல்வி.